ஸ்டீராய்டு போட்டதும் சரியாகிடுதே... அப்புறம் ஏன் தொடர் மருந்து? எம்.எஸ். நோயில் மூளை அழற்சியை மருந்துகள் அடக்குவது எப்படி?

"ஊசி போட்டு அஞ்சே நாள்ல கண் பார்வை திரும்பிடுச்சு. கால் மரத்துப்போனதும் போயிடுச்சு. இனிமே எதுக்கு மாசா மாசம் மருந்து?"

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். என்ற நரம்பியல் நோய் வந்த வீடுகளில் இயல்பாக எழும் கேள்வி இது. நம்ம ஊர் அரசு ஆவணங்களில் இதன் பெயர் தண்டுவட மரப்பு நோய். பெயரில் தண்டுவடம் என்று இருந்தாலும் மூளை, பார்வை நரம்பு, தண்டுவடம் மூன்றையுமே இது தாக்கும்.

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி, திண்டிவனம் பக்கம் உள்ள மேல்சித்தாமூர் மாதிரி ஒரு கிராமத்தில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி இன்னும் பெரிது. நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாலும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றாலும் பஸ் ஏறி வெளியூர் போகணும். ஒரு நாள் கூலி போகும். கூட ஒருவர் வரணும். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது இவ்வளவு செலவு எதற்கு என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அறிகுறி இல்லை என்பதால் மூளைக்குள் அழற்சியும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எந்த மருந்து எந்த அழற்சியை அடக்குகிறது, எதை அடக்க முடியவில்லை? முழு விவரம் இதோ.

எம்.எஸ். என்றால் என்ன?

மின்சார வயரின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பது போல, நம் நரம்பு இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மூளை அனுப்பும் சிக்னல் வேகமாகப் போய்ச் சேர இந்த உறை தேவை. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள், ஆள் தெரியாமல் இந்த மயலினையே தாக்குவதுதான் எம்.எஸ்.

தாக்குதல் நடக்கும் இடத்தில் அழற்சி உண்டாகிறது. அழற்சி என்றதும் காய்ச்சலோடு வரும் மூளை ஜுரத்தை நினைக்க வேண்டாம். இங்கே கிருமித் தொற்று கிடையாது. இது தொற்று நோயும் இல்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது.

அழற்சி எந்த இடத்தில் வருகிறதோ, அதைப் பொறுத்து அறிகுறி மாறும். பார்வை நரம்பில் வந்தால் ஒரு கண் மங்கும், கண்ணை அசைத்தால் வலிக்கும். தண்டுவடத்தில் வந்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீரை அடக்க முடியாமல் போகும். இப்படி வரும் தாக்குதலை டாக்டர்கள் ரிலாப்ஸ் என்கிறார்கள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களை விடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகம் வருகிறது.

1868-ல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஷார்கோ இதைத் தனி நோயாக விவரித்தார். ஏன் வருகிறது என்பதில் பெரிய துப்பு கிடைத்தது 2022-ல்தான். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய 1 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவது தெரிந்தது. ஆனால் உலகில் பெரும்பாலான மக்களுக்கு இந்த வைரஸ் எப்போதாவது தொற்றுகிறது. அவர்களில் மிகச் சிலருக்கு மட்டுமே எம்.எஸ். வருகிறது. மரபணு, வைட்டமின் டி குறைபாடு, புகைப்பழக்கம் போன்றவையும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

இது வெள்ளைக்காரங்க நோய் இல்லையா?

குளிர் நாடுகளில் அதிகம் என்பது உண்மை. ஆனால் நம்மிடம் இல்லை என்பது பழைய நம்பிக்கை. மங்களூரு நகரில் நடத்தி 2014-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 1 லட்சம் பேருக்கு சுமார் 8 பேர் என்ற அளவில் எம்.எஸ். இருப்பது தெரிந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வசதி பரவப் பரவ, முன்பு கண்டுபிடிக்கப்படாமல் போன நோயாளிகள் இப்போது தெரிய வருகிறார்கள்.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது?

திடீரென்று ரிலாப்ஸ் வந்தால் முதலில் கொடுப்பது மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. தினமும் 1 கிராம் வீதம், 3 முதல் 5 நாட்களுக்கு நரம்பு வழியாக ஏற்றுவார்கள்.

சாதாரணமாக ரத்தத்தில் ஓடும் அணுக்கள் கண்டபடி மூளைக்குள் நுழைய முடியாது. ரத்தக் குழாய்ச் சுவரில் ரத்த-மூளைத் தடுப்பு என்ற காவல் இருக்கிறது. ரிலாப்ஸின்போது இந்தக் காவலில் ஓட்டை விழுந்து, வெள்ளை அணுக்கள் உள்ளே புகுந்துவிடும். ஸ்டீராய்டு அந்த ஓட்டையை அடைக்கிறது, அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைக் குறைக்கிறது. அழற்சி வடிந்ததும் நரம்பு மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. அதனால்தான் சில நாட்களிலேயே மாற்றம் தெரிகிறது.

ஆனால் ஸ்டீராய்டின் வேலை அவ்வளவுதான். குணமாவதை அது வேகப்படுத்தும். அடுத்த தாக்குதலைத் தடுக்காது.

பார்வை நரம்பு அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 1992-ல் வந்தது. ஸ்டீராய்டை நரம்பு வழியாக ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஆனால் மாதங்கள் போன பிறகு பார்த்தால், மருந்து எடுக்காதவர்களின் பார்வையும் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்திருந்தது. இன்னொரு முக்கியமான விஷயம்: குறைந்த அளவு ஸ்டீராய்டை மாத்திரையாக மட்டும் எடுத்தவர்களுக்கு, பார்வை நரம்பு அழற்சி மீண்டும் வருவது அதிகமாக இருந்தது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதுவே போதும். சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது, தொற்று வருவது எல்லாம் தனிக்கணக்கு.

ஸ்டீராய்டு கேட்காத கடுமையான தாக்குதல் என்றால், ரத்தத்தின் திரவப் பகுதியைப் பிரித்து மாற்றும் பிளாஸ்மா பரிமாற்ற சிகிச்சை செய்வார்கள்.

தொடர் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன?

அடுத்த தாக்குதலைத் தடுப்பதற்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன. நோயின் போக்கையே மாற்றுவதால் இவை போக்கு மாற்றும் மருந்துகள் எனப்படுகின்றன. வேலை செய்யும் இடத்தை வைத்து இவற்றை ஐந்து வகையாகப் புரிந்துகொள்ளலாம்.

1. சமாதானப்படுத்தும் மருந்துகள்: இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எம்.எஸ். நோய்க்கென வந்த முதல் மருந்து இதுதான். அடுத்து 1996-ல் கிளாட்டிராமர் வந்தது. நோய் எதிர்ப்பு அணுக்களின் ஆவேசத்தை இவை தணிக்கின்றன. ரிலாப்ஸ் எண்ணிக்கையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றன.

2. பெருகவிடாமல் தடுப்பவை: டெரிஃப்ளூனமைட் மாத்திரை, வேகமாகப் பெருகும் வெள்ளை அணுக்களுக்குக் கடிவாளம் போடுகிறது. டைமெத்தில் ஃபியூமரேட் கேப்சூலும் ஆவேச அணுக்களைக் குறைக்கிறது.

3. வெளியே வரவிடாமல் அடைப்பவை: 2010-ல் வந்த ஃபிங்கோலிமோட், அமெரிக்காவில் எம்.எஸ். நோயின் போக்கை மாற்ற அனுமதி பெற்ற முதல் வாய்வழி மருந்து. வெள்ளை அணுக்களை நெறிக்கட்டி எனப்படும் நிணநீர் கணுக்களுக்குள்ளேயே பிடித்து வைத்துவிடும். ரத்தத்துக்கு வந்தால்தானே மூளைக்குப் போக முடியும்!

4. மூளை வாசலில் நிறுத்துபவை: நட்டாலிசுமாப், வெள்ளை அணுவின் மேல் இருக்கும் கொக்கி போன்ற ஒரு புரதத்தை மூடிவிடுகிறது. கொக்கி இல்லாமல் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்ட முடியாது, உள்ளேயும் போக முடியாது.

5. அணுக்களையே குறைப்பவை: ரிட்டுக்சிமாப், ஆக்ரெலிசுமாப், ஆஃபடுமுமாப் மூன்றும் பி-செல் என்ற வெள்ளை அணுக்களைத் தேடி அழிக்கின்றன. ஆக்ரெலிசுமாப் 6 மாதத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றப்படுகிறது. ஆஃபடுமுமாப் மாதம் ஒரு ஊசி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஐந்துக்கும் பொதுவான ஒன்றைக் கவனித்தீர்களா? எல்லாமே பெரும்பாலும் மூளைக்கு வெளியே, ரத்தத்திலும் நெறிக்கட்டியிலும் வாசலிலும்தான் வேலை செய்கின்றன. இவற்றின் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கிறது.

94-ம் 24-ம்: இரண்டு எண்கள் சொல்லும் கதை

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கடோலினியம் என்ற மருந்தை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். மூளையில் புதிதாக அழற்சி நடக்கும் இடத்தில், காவல் உடைந்த ஓட்டை வழியாக அது கசிந்து வெள்ளையாக ஒளிரும். ஒளிரும் புள்ளி இருந்தால் அங்கே இப்போது தாக்குதல் நடக்கிறது என்று அர்த்தம்.

ஆக்ரெலிசுமாப் மருந்தை இன்டர்ஃபெரானோடு ஒப்பிட்டு இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. ஒளிரும் புள்ளிகள் 94 முதல் 95 சதவீதம் வரை குறைந்தன. ரிலாப்ஸ் எண்ணிக்கையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதாவது, மருந்து எடுக்காதவர்களோடு ஒப்பிட்டு வந்த கணக்கு இல்லை இது. இன்னொரு மருந்து எடுப்பவர்களை விடவே இவ்வளவு குறைவு.

இதே மருந்தை இன்னொரு வகை நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ரிலாப்ஸ் வந்து போகாமல், ஆரம்பம் முதலே மெல்ல மெல்ல நடை மோசமாகிக்கொண்டே போகும் வகை அது. அங்கே உடல் இயலாமை கூடும் அபாயம் 24 சதவீதம்தான் குறைந்தது. அந்த வகைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து என்பதால் 2017-ல் இதுவே பெரிய செய்தி. ஆனாலும் 94 எங்கே, 24 எங்கே?

இரண்டும் வேறு வேறு ஆய்வு, அளந்ததும் வேறு வேறு விஷயம் என்பதால் நேருக்கு நேர் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது. வெளியிலிருந்து புதிதாக வரும் தாக்குதலை இன்றைய மருந்துகள் பிரமாதமாகத் தடுக்கின்றன. ஏற்கெனவே உள்ளே குடியேறிவிட்ட அழற்சியிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

உள்ளே இருப்பது நீறு பூத்த நெருப்பு

மூளைக்கென்றே சொந்தமான பாதுகாப்பு அணுக்கள் இருக்கின்றன. மைக்ரோக்ளியா என்று பெயர். வெளியிலிருந்து வந்த அணுக்களின் தாக்குதல் பல முறை நடந்த பிறகு, இந்த மைக்ரோக்ளியாவும் தூண்டப்பட்ட நிலையிலேயே தங்கிவிடுகின்றன. பழைய தழும்புகளின் விளிம்பில் வருடக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும் அழற்சி இது. மூளையை மூடியிருக்கும் சவ்வுகளில் பி-செல்கள் கூட்டமாகத் தங்குவதும் உண்டு.

இந்த வகையில் காவல் உடைந்து ஓட்டை விழுவதில்லை. அதனால் சாதாரண எம்.ஆர்.ஐ.யில் ஒளிராது. பெரிய மூலக்கூறு கொண்ட ஊசி மருந்துகள் மூளைக்குள் மிகக் குறைந்த அளவே நுழையும் என்பதால், இந்த நெருப்பை நேரடியாகத் தொடவும் முடிவதில்லை. "ரிலாப்ஸே வரல, ஆனா முன்ன மாதிரி நடக்க முடியல" என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தொடர் மருந்தை ஏன் சீக்கிரமே ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. வெளித் தாக்குதலைத் தடுக்கத் திறமையான மருந்து இருக்கிறது, உள் நெருப்பை அணைக்க இன்னும் சரியான மருந்து இல்லை. அப்போ, உள்ளே நெருப்பு பிடிக்கும் முன்பே வாசலை மூடுவதுதானே புத்திசாலித்தனம்? மேலும், எம்.ஆர்.ஐ.யில் தெரியும் புதிய புள்ளிகளில் பெரும்பாலானவை வெளியே ஒரு அறிகுறியையும் காட்டுவதில்லை. உடம்பு நல்லா இருக்குன்னு நினைக்கும் மாதங்களிலும் சேதம் நடந்துகொண்டிருக்கலாம்.

உள் நெருப்புக்கு மருந்து வருமா?

மூளைக்குள்ளேயே நுழைந்து மைக்ரோக்ளியாவை அடக்கக்கூடிய மாத்திரைகளை ஆராய்ச்சியாளர்கள் சோதிக்கிறார்கள். அதில் ஒன்று டோலிப்ரூட்டினிப். ரிலாப்ஸ் நின்றுபோய், ஆனால் மெல்ல மோசமாகிவரும் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2025-ல் வெளியானது. இயலாமை கூடும் அபாயம் 31 சதவீதம் குறைந்திருந்தது. அந்த நிலையில் உள்ளவர்களுக்கு இது நம்பிக்கை தரும் எண்.

ஆனால் சுமார் 4 சதவீதம் பேருக்குக் கல்லீரல் நொதிகள் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தன. கல்லீரல் பாதிப்பு தொடர்பாக ஒரு மரணமும் நிகழ்ந்தது. எனவே "எம்.எஸ். நோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வேர்டுகளை அப்படியே நம்ப வேண்டாம்.

விலை: ரிட்டுக்சிமாப் ஏன் நமக்கு முக்கியம்?

புதிய ஊசி மருந்துகளின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. இந்தியாவில் பல நரம்பியல் டாக்டர்கள் ரிட்டுக்சிமாப்பை நாடுவதற்கு இதுவே பெரிய காரணம். இது முதலில் ரத்தப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007-ல் இதன் மாற்று வடிவத்தை இந்தியாவில் கொண்டு வந்தது. பிறகு வேறு நிறுவனங்களும் தயாரித்ததால் விலை இறங்கியது.

விலை குறைவு என்றால் தரம் குறைவா? ஸ்வீடனில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில் 2 ஆண்டுகளில் ரிலாப்ஸ் வந்தவர்கள், டைமெத்தில் ஃபியூமரேட் எடுத்தவர்களில் 16 சதவீதம். ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களில் 3 சதவீதம் மட்டுமே. 2023-ல் உலக சுகாதார அமைப்பு தனது அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் எம்.எஸ். நோய்க்காக ரிட்டுக்சிமாப், கிளாட்டிராமர், கிளாட்ரிபின் மூன்றையும் சேர்த்தது. ஃபிங்கோலிமோட், டைமெத்தில் ஃபியூமரேட், டெரிஃப்ளூனமைட் ஆகியவையும் இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகவே கிடைக்கின்றன.

உஷார்: எம்.எஸ். போலவே இருக்கும் இன்னொரு நோய்

நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்று ஒரு நோய் இருக்கிறது. இதிலும் கண் பார்வை போகும், கால் செயலிழக்கும். ஆனால் தாக்கப்படுவது மயலின் இல்லை. நரம்புகளைத் தாங்கிப் பிடிக்கும் அணுக்களில் உள்ள அக்வாபோரின்-4 என்ற புரதம். இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கான வழி 2004-ல் கிடைத்தது.

இது ஏன் முக்கியம்? இன்டர்ஃபெரான், நட்டாலிசுமாப், ஃபிங்கோலிமோட் போன்ற எம்.எஸ். மருந்துகளை இந்த நோய்க்குக் கொடுத்தால் நோய் இன்னும் கடுமையாகலாம். ஒரே மாதிரி அழற்சி, ஆனால் அதே மருந்து ஒருவருக்குக் காப்பு, இன்னொருவருக்கு ஆபத்து. மங்களூரு கணக்கெடுப்பில் இந்த நோயும் லட்சத்துக்கு 2.6 பேருக்கு இருந்தது. வெளிநாட்டுக் கணக்கை வைத்து அரிது என்று ஒதுக்க முடியாது. அதனால் தொடர் மருந்து ஆரம்பிக்கும் முன், "அக்வாபோரின் டெஸ்ட் எடுக்கணுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

வெயில்ல தளர்ந்து போனா ரிலாப்ஸா?

கத்திரி வெயில் நேரத்தில் எம்.எஸ். உள்ள பலருக்குப் பார்வை மங்கும், கால் கனக்கும். காய்ச்சல் வந்தாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் பழைய அறிகுறிகள் திரும்பி வரும். மயலின் தேய்ந்த நரம்பு, உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே சிக்னலைச் சரியாகக் கடத்தாது என்பதுதான் காரணம். இதில் புதிய அழற்சி எதுவும் இல்லை. உடம்பு குளிர்ந்ததும், தொற்று சரியானதும் தானாகவே குறையும். இதற்கு ஸ்டீராய்டு தேவையில்லை. தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் நிலைமை மோசமாகவும் செய்யலாம்.

ஆனால் புதிய அறிகுறி தோன்றி, காய்ச்சல் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் ரிலாப்ஸாக இருக்கலாம். உடனே டாக்டரைத் தொடர்புகொள்ள வேண்டும். காலை வேளையில் வயல் வேலையை முடிப்பது, ஈரத்துண்டு போர்த்துவது, நிறைய தண்ணீர் குடிப்பது போன்றவை வெயில் நாட்களில் உதவும்.

பக்கவிளைவுகள்: எதைக் கவனிக்கணும்?

நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து, தொற்றுகளுக்குக் கதவைத் திறந்துவிடலாம். நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் பல மருந்துகளுக்கு முன் அதற்கான பரிசோதனை அவசியம். உடம்பில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் மறைந்திருந்தால், ரிட்டுக்சிமாப், ஆக்ரெலிசுமாப் எடுத்த பிறகு அது மீண்டும் கிளம்பிக் கல்லீரலைத் தாக்கக்கூடும். போட வேண்டிய தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். பி-செல்கள் குறைந்த பிறகு தடுப்பூசி அவ்வளவாக வேலை செய்யாது.

நட்டாலிசுமாப் 2004-ல் வந்து, ஜே.சி. வைரஸால் வரும் கொடிய மூளைத் தொற்று காரணமாக 2005-ல் நிறுத்தப்பட்டது. கடும் கண்காணிப்போடு 2006-ல் திரும்பி வந்தது. இப்போது ரத்தத்தில் அந்த வைரஸின் தடம் இருக்கிறதா என்று பார்த்துதான் கொடுக்கிறார்கள். ஃபிங்கோலிமோட்டின் முதல் டோஸ் எடுத்த நாளில் இதயத்துடிப்பு குறையலாம் என்பதால் 6 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள்.

மூளை அழற்சியைக் குறைக்க வந்த மருந்தே அதை உண்டாக்கிய கதையும் உண்டு. டாக்லிசுமாப் என்ற ஊசி 2016-ல் அனுமதி பெற்றது. சிலருக்குக் கடுமையான மூளை அழற்சி வந்ததால் 2018-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது.

இதெல்லாம் பயமுறுத்துவதற்காக அல்ல. இந்த ஆபத்துகள் தெரிந்தவை. குறித்த நேரத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் முன்பே பிடித்துவிடலாம்.

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்?

எல்லா மருந்தும் ஒரே மாதிரி இல்லை. ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் இரண்டும் வெள்ளை அணுக்களை அழிப்பதில்லை, அடைத்து வைக்கின்றன. திடீரென்று நிறுத்தினால் அணை திறந்தது போல அவை மொத்தமாக மூளைக்குள் பாயலாம். மருந்து தொடங்குவதற்கு முன்பு இருந்ததை விட மோசமான தாக்குதல்கூட வரலாம். ஃபிங்கோலிமோட் விஷயத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. கையில் பணம் இல்லை, ஊருக்குப் போகணும், ஸ்டாக் வரலை... காரணம் எதுவாக இருந்தாலும் மருந்து தீரும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

குழந்தை பெற நினைப்பவர்களும் முன்கூட்டியே பேசணும். டெரிஃப்ளூனமைட், ஃபிங்கோலிமோட், கிளாட்ரிபின் ஆகியவை கருவைப் பாதிக்கக்கூடியவை. டெரிஃப்ளூனமைட் நிறுத்திய பிறகும் பல மாதங்கள் ரத்தத்தில் தங்கும், அதை வெளியேற்றத் தனி மருந்து உண்டு. "கர்ப்பமானதும் நிறுத்திக்கலாம்" என்று இருந்துவிட முடியாது.

உணவுப் பழக்கமும் இதில் வரும். மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாத வழக்கம் சமணக் குடும்பங்களில் உண்டு. டைமெத்தில் ஃபியூமரேட் தினமும் 2 வேளை, சாப்பாட்டோடு எடுத்தால் முகம் சிவந்து எரிவதும் வயிற்றுத் தொந்தரவும் குறையும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு எரிச்சல் தாங்காமல் மருந்தையே விடுவதற்குப் பதில், எந்த நேரத்தில் எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். கேப்சூல்களின் மேலுறை பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். அது வேண்டாம் என்பவர்கள், மாத்திரை வடிவில் வேறு மருந்து உண்டா என்று கேட்கலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

எங்கே போகலாம்?

மேல்சித்தாமூர் பகுதியினர் முதலில் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி சுமார் 40 கி.மீ. அங்கே மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை நரம்பியல் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. வேலூர் சி.எம்.சி.யும் உண்டு. எங்கே போனாலும் பழைய எம்.ஆர்.ஐ. ஃபிலிம், சி.டி., டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். புதிய புள்ளி வந்திருக்கிறதா என்பது பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

அரசு உதவி உண்டா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அங்கீகரிக்கப்பட்ட மாற்றுத்திறன் வகைகளை 7-லிருந்து 21 ஆக உயர்த்தியது. அதில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவச் சான்று கிடைத்தால் பல சலுகைகளுக்குத் தகுதி வரும். யு.டி.ஐ.டி. என்ற தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு மாதந்தோறும் வழங்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கான பட்டியலிலும் தண்டுவட மரப்பு நோய் இருக்கிறது. விழுப்புரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். நோயாளிகளுக்காக 1985-ல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

* எனக்கு வந்திருப்பது எம்.எஸ். தானா? அக்வாபோரின் டெஸ்ட் தேவையா?
* எனக்கு எழுதிய தொடர் மருந்து எது? அதைவிட வலுவான மருந்து தேவைப்படுமா?
* ஆரம்பிக்கும் முன் காசநோய், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் முடிந்ததா?
* அடுத்த எம்.ஆர்.ஐ., அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது?
* மருந்து கிடைக்காமல் போனால் எத்தனை நாளுக்குள் உங்களுக்குத் தகவல் சொல்லணும்?

எம்.எஸ். நோயை முழுசாகக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. ஆனால் 1993-க்கு முன்பு நோயின் போக்கை மாற்ற அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. இன்று மூளைக்குள் வரும் புதிய அழற்சியைப் பெருமளவு தடுக்க முடிகிறது. நோய் தொடங்கிய முதல் சில வருடங்களில்தான் அந்தப் பலன் அதிகம். கண் பார்வை திரும்பிய நாளில் சிகிச்சை முடிவதில்லை. தொடர் மருந்து பற்றி டாக்டரிடம் பேச வேண்டிய சரியான நேரம் அதுதான்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. மருந்தைத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது எதுவாக இருந்தாலும் உங்கள் நரம்பியல் டாக்டரின் ஆலோசனைப்படியே செய்யுங்கள்.)